ஒரு மீட்டர் தண்டவாளமும் ஒரு தீப்பெட்டி வீடும்

கொஞ்சம் நீளமான பதிவு. நேரமிருக்கும்போது பொறுமையாக வாசியுங்கள்.

பணி ஓய்வு பெற்றதிலிருந்து எங்கள் வீட்டு மாடி அறையில் எட்டுக்கு நாலு பிளைவுட் பலகை ஒன்று நாலு கால் மேல் நிற்கிறது. அதன் மேல் தண்டவாளம் போட்டு, மண் பரப்பி, மரம் நட்டு, ஒரு சின்ன ரயிலை ஓடவிட்டிருக்கிறேன். வீட்டுக்கு வருபவர்கள் பார்த்துவிட்டு, "என்ன வாத்தியாரே, பேரனுக்கு ரயில் வண்டியா?" என்பார்கள். முதலில் ஆமாம் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன். உண்மையில் பேரன் பத்து நிமிஷத்துக்கு மேல் அங்கே இருப்பதில்லை. அது எனக்காகக் கட்டியது. கட்டக் கட்ட, முப்பத்தைந்து வருஷம் வகுப்பில் வரலாறும் கணக்கும் நடத்திய எனக்கே தெரியாத பல விஷயங்கள் தெரியவந்தன. அவற்றைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

தொடங்கிய கதை இது. மருமகன் வெளியூரிலிருந்து வரும்போது பேரனுக்கு ஒரு ரயில் பெட்டித் தொகுப்பு வாங்கி வந்தார். ஆங்கிலேய நாட்டு வண்டி. வட்டத் தண்டவாளம், ஒரு எஞ்சின், மூன்று பெட்டி. நன்றாக ஓடியது. எனக்கு ஓர் ஆசை வந்தது. நான் சின்ன வயதில் பார்த்த நம் புதுக்கோட்டை மீட்டர் கேஜ் ரயிலை இதே மாதிரி செய்துவிட்டால் என்ன? ஒரு ஸ்கேலை எடுத்து அந்தத் தண்டவாளத்தின் இடைவெளியை அளந்தேன். 16.5 மி.மீ. சிக்கல் அங்கேயே ஆரம்பித்துவிட்டது.

கணக்கைப் பார்ப்போம். உலகத்தில் அதிகம் பேர் செய்யும் மாதிரி ரயிலின் அளவு 1:87. நிஜத்தில் 87 மீட்டர் இருப்பது மாதிரியில் 1 மீட்டர். இதை எச்.ஓ. என்பார்கள். 16.5 மி.மீட்டரை 87ஆல் பெருக்குங்கள். ஏறக்குறைய 1435 மி.மீ. வரும். அது இங்கிலாந்திலும் ஐரோப்பாவின் பெரும்பகுதியிலும் அமெரிக்காவிலும் உள்ள ரயில் பாதையின் அகலம், 4 அடி எட்டரை அங்குலம். நம் நாட்டு அகலப் பாதை 1676 மி.மீ. அதை 87ஆல் வகுத்தால் 19 மி.மீட்டருக்கு மேல் வருகிறது. நம் பழைய மீட்டர் பாதை 1000 மி.மீ. வகுத்தால் பதினொன்றரை. கடையில் வாங்கிய தண்டவாளம் நம் அகலப் பாதைக்கும் பொருந்தாது, மீட்டர் பாதைக்கும் பொருந்தாது. நம் ஊர் ரயிலுக்குக் கடையில் அளவு இல்லை!

இது யார் வைத்த அளவு என்று தேடினேன். 1891இல் ஜெர்மனியின் லைப்சிக் வணிகச் சந்தையில் மேர்க்லின் என்ற பொம்மை நிறுவனம் ஒரு காரியம் செய்தது. அதுவரை ஒவ்வொரு பொம்மைக்காரரும் தன் இஷ்டத்துக்கு அகலம் வைத்து ரயில் செய்து விற்றார்கள். ஒருவர் எஞ்சின் மற்றவர் தண்டவாளத்தில் ஓடாது. மேர்க்லின் அகலங்களுக்கு எண் கொடுத்து, இனி இந்த அளவுகளில்தான் செய்வோம், பெட்டியும் தண்டவாளமும் தனித்தனியாக வாங்கிச் சேர்த்துக்கொள்ளலாம் என்றது. பொம்மை ஒரு அமைப்பாக மாறியது அப்போதுதான். பிறகு அந்த வரிசையில் சின்னதாக 'ஓ' என்று 32 மி.மீ. அகலம் வந்தது. அதில் பாதி வேண்டும் என்று வந்ததுதான் 'ஹாஃப் ஓ', அதாவது எச்.ஓ.

இங்கிலாந்துக்காரர்கள் இதில் ஒரு வேடிக்கை செய்தார்கள். அவர்கள் நாட்டு எஞ்சின்கள் ஐரோப்பிய எஞ்சின்களைவிட உடம்பில் ஒடுக்கமானவை. 1:87 அளவில் செய்தால் அந்தக் காலத்து மின் மோட்டார் உள்ளே நுழையவில்லை. அதனால் வண்டியின் உடம்பை மட்டும் 1:76 அளவுக்குப் பெரிதாக்கிவிட்டு, தண்டவாளத்தை அதே 16.5 மி.மீ. என்று விட்டுவிட்டார்கள். லிவர்பூல் ஃபிராங்க் ஹார்ன்பியின் நிறுவனம் 1938இல் 'டப்ளோ' என்ற பெயரில் இந்த அளவில் ரயில் விற்றது. (மெக்கானோ கொண்டுவந்ததும் இந்த ஹார்ன்பிதான். பள்ளியில் அறிவியல் கண்காட்சிக்கு அந்தத் துளை போட்ட இரும்புப் பட்டைகளை முடுக்கிய நினைவு பலருக்கு இருக்கும்.) உடம்பு ஒரு கணக்கு, கால் ஒரு கணக்கு. ஒரு மோட்டாருக்காகச் செய்த சமரசம் இன்றுவரை அந்த நாட்டில் வழக்கமான அளவாக இருக்கிறது.

சிரிப்பு வருகிறதல்லவா? நம் நாட்டில் நிஜ ரயிலிலேயே இப்படித்தான் நடந்தது.

1850ஐ ஒட்டி இந்தியாவுக்கு ரயில் பாதை போடும் பேச்சு வந்தபோது, டல்ஹௌசி 6 அடி அகலம் வேண்டும் என்றார். கடைசியில் 5 அடி 6 அங்குலம் என்று முடிவாயிற்று. தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856 ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்து ஆற்காடு பக்கம் ஓடியது அந்த அகலத்தில்தான். 1861, 62 வாக்கில் நாகப்பட்டினத்திலிருந்து திருச்சி வரை போட்ட பாதையும் அகலப் பாதையே. 1870இல் மேயோ பிரபு காலத்தில் செலவைக் குறைக்க ஒடுக்கமான பாதை வேண்டும் என்றார்கள். இந்தியா மெட்ரிக் அளவுக்கு மாறப்போகிறது என்ற எண்ணம் அப்போது இருந்ததால், அடி அங்குலத்தை விட்டு நேராக ஒரு மீட்டர் என்று வைத்தார்கள். மெட்ரிக் அளவு அப்போது வரவில்லை. சுதந்திரத்துக்குப் பிறகுதான் வந்தது. ஆனால் தண்டவாளத்தில் மட்டும் மீட்டர் முன்கூட்டியே வந்துவிட்டது.

இதன் விளைவைப் பாருங்கள். நாகப்பட்டினம் – திருச்சி அகலப் பாதையை 1870களில் பிடுங்கி மீட்டர் பாதையாக்கினார்கள். நூறு வருஷத்துக்கு மேல் அப்படியே ஓடியது. 1992இல் நாடு முழுக்க ஒரே அகலம் என்று முடிவெடுத்த பிறகு மறுபடியும் பிடுங்கி அகலப் பாதையாக்கினார்கள். ஒரே மண்ணில் மூன்று முறை!

நம் மாவட்டக் கதைக்கு வருகிறேன். நம் மாவட்டத்தில் முதலில் ரயில் வந்த ஊர் எது என்று கேட்டால் எல்லோரும் புதுக்கோட்டை என்பார்கள். நானும் வகுப்பில் அப்படித்தான் சொல்லியிருக்கிறேன். தவறு. முதலில் ரயில் வந்தது அறந்தாங்கிக்கு, 1903இல். அப்போது அறந்தாங்கி தஞ்சாவூர் ஜில்லாவில் இருந்தது. மாயவரத்திலிருந்து முத்துப்பேட்டை வரை 1894இல் போட்ட பாதையைப் பட்டுக்கோட்டைக்கும், அங்கிருந்து அறந்தாங்கிக்கும் நீட்டினார்கள். அது தஞ்சாவூர் ஜில்லா போர்டின் சொந்தப் பாதை. நிலவரியோடு சிறு கூடுதல் வசூலித்து, அந்தப் பணத்தில் போட்டது. விவசாயி கட்டிய காசில் வந்த ரயில் என்று தாராளமாகச் சொல்லலாம். அறந்தாங்கியிலிருந்து காரைக்குடிக்கு இணைப்பு வர 1952 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்தப் பாதையும் 2018இல் அகலப் பாதையாகிவிட்டது.

சமஸ்தானமாக இருந்த புதுக்கோட்டைக்குத் திருச்சியிலிருந்து ரயில் வந்தது 1929இல். அறந்தாங்கிக்கு வந்து கால் நூற்றாண்டு கழித்து. அப்போது பட்டத்தில் இருந்த ராஜகோபாலத் தொண்டைமான் 1922இல் பிறந்தவர், சின்னப் பிள்ளை. அடுத்த வருஷம், 1930இல், பாதை திருமயம், காரைக்குடி வழியாக மானாமதுரையைத் தொட்டது. மதுரையைச் சுற்றாமல் திருச்சியிலிருந்து நேராக ராமேஸ்வரம் பக்கம் போக வழி கிடைத்தது. 1974 ஜனவரி 14 அன்று புதுக்கோட்டை மாவட்டம் பிறந்தபோதுதான் சமஸ்தானத்துப் பாதையும் ஜில்லா போர்டு பாதையும் ஒரே மாவட்டத்துக்குள் வந்தன.

தொண்டைமான் குழந்தை மன்னர் என்றதும் இன்னொரு மன்னர் நினைவுக்கு வருகிறார். குவாலியர் மாதவராவ் சிந்தியா. 1886 முதல் 1925 வரை பட்டத்தில் இருந்தவர், ரயில் பைத்தியம். அவருடைய அரண்மனைச் சாப்பாட்டு மேஜையின் மேல் வெள்ளியில் செய்த ஒரு ரயில் ஓடும். பெட்டிகளில் மதுக் குடுவைகளும் சுருட்டும் வைத்து விருந்தினர் முன்னால் வரும். குடுவையை எடுத்தால் ரயில் நிற்கும், வைத்தால் கிளம்பும். ஜெய் விலாஸ் அரண்மனைக்குப் போனால் இன்றும் பார்க்கலாம். அவர் பொம்மையோடு நிற்கவில்லை. 2 அடி அகலத்தில் நிஜமான பாதையே போட்டார். குவாலியரிலிருந்து ஷியோபூர் வரை ஏறக்குறைய 200 கி.மீ. அந்தக் குட்டி ரயில் 2020 வரை மக்களைச் சுமந்து ஓடியது.

மன்னருக்குத்தான் இந்த ஆசை வாய்க்கும் என்று நினைக்க வேண்டாம். புனே கோத்ரூடில் பாவுசாகேப் ஜோஷி என்பவர் ஆயுள் முழுக்க உழைத்து ஒரு மாதிரி ரயில் ஊரையே கட்டினார். எச்.ஓ. அளவு. கைகாட்டிகள், பாலங்கள், பகலும் இரவுமாக மாறும் விளக்குகள் எல்லாம் உண்டு. 1998 ஏப்ரல் 1 முதல் பொதுமக்கள் பார்க்கும் அருங்காட்சியகமாக அவர் குடும்பம் அதை நடத்துகிறது. புனே போகிறவர்கள் பிள்ளைகளை அழைத்துப் போங்கள்.

இவற்றையெல்லாம் படித்தபோது எனக்கு ஒரு கேள்வி. குவாலியருக்கு இருக்கிறது, புனேவுக்கு இருக்கிறது. நம் கீரனூர், நமணசமுத்திரம், திருமயம், செட்டிநாடு என்று ஓடிய மீட்டர் பாதைக்கு என்ன இருக்கிறது? பாதையை அகலமாக்கியபோது பழைய தண்டவாளம் போயிற்று, கட்டைகள் போயின, கைகாட்டி மரங்கள் போயின. இன்றைக்குப் பத்தாவது படிக்கும் பிள்ளைக்கு 'மீட்டர் கேஜ்' என்றால் அகராதிச் சொல். அகலப் பாதை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சென்னைக்குப் பெட்டி மாறாமல் போகிறோம், நல்லதுதான். ஆனால் இருந்தது எப்படி இருந்தது என்று யாராவது அளந்து வைக்க வேண்டாமா?

சரி, நாமே செய்வோம் என்று இறங்கினேன்.

பலகை எட்டுக்கு நாலு. நீளம் 2.44 மீட்டர். 87ஆல் பெருக்கினால் நிஜத்தில் 212 மீட்டர். அகலம் 106 மீட்டர். அவ்வளவுதான் என் ராஜ்ஜியம்! திருச்சி – புதுக்கோட்டை 53 கி.மீ. அதை முழுதாக இந்த அளவில் செய்தால் 600 மீட்டருக்கு மேல் பலகை வேண்டும். எங்கள் தெரு முழுக்கப் போட்டாலும் போதாது. ஒரு ஸ்டேஷனை மட்டும் செய்யலாம் என்றால், வண்டிகள் ஒன்றுக்கொன்று ஒதுங்கும் தடமே நானூறு மீட்டருக்குக் குறையாது. அதற்கே இரண்டு பலகை வேண்டும். மாதிரி ரயில் செய்பவர்கள் இந்த இடத்தில் நீளத்தைச் சுருக்கிவிடுவார்கள். எனக்கு அந்தப் பொய் வேண்டாம் என்று தோன்றியது. 212 மீட்டரில் சுருக்காமல் அடங்கக்கூடியது எது?

ஒரு லெவல் கிராசிங் கேட் அடங்கும்.

என் அப்பா கேட் கீப்பர். புதுக்கோட்டைக்கும் திருமயத்துக்கும் நடுவே ஒரு கேட்டில் பல வருஷம் இருந்தார். நான் பிறந்து வளர்ந்தது அந்தக் கேட் வீட்டில். இப்போது அங்கே கேட் இல்லை. சாலை தண்டவாளத்துக்கு அடியில் சுரங்கப்பாதையாகப் போகிறது. வீடும் இல்லை. அதைத்தான் செய்வது என்று முடிவு செய்தேன்.

தண்டவாளம் முதலில். ஐரோப்பாவில் 'டிடி' என்ற சின்ன அளவுக்கு 12 மி.மீ. அகலத் தண்டவாளம் கிடைக்கிறது. நமக்குத் தேவை பதினொன்றரை. அந்த அரை மி.மீ. தவறை ஏற்றுக்கொண்டேன். ஆனால் அதன் கட்டைகளின் நீளமும் இடைவெளியும் நம்முடையதாக இல்லை. நம் மீட்டர் பாதை மரக்கட்டை 6 அடி நீளம், மாதிரியில் 21 மி.மீ. வானொலிப் பெட்டிக்குள் இருக்குமே, செம்பு பூசிய பச்சை அட்டை, அதைக் கீற்றுக் கீற்றாக வெட்டி, கம்பியை உருவி அதன் மேல் வைத்து ஒவ்வொன்றாக சால்டரிங் செய்தேன். இரண்டு கம்பிகளையும் செம்பு இணைத்துவிடக் கூடாது என்பதால் ஒவ்வொரு கீற்றின் நடுவிலும் செம்பைச் சுரண்ட வேண்டும். ஒரு கம்பி நேர், ஒரு கம்பி எதிர், 12 வோல்ட். சக்கரம் வழியாக மின்சாரம் மோட்டாருக்குப் போகிறது. ஒரு கீற்றில் சுரண்ட மறந்தாலும் வண்டி நின்றுவிடும். எந்தக் கீற்று என்று கண்டுபிடிக்க எனக்கு ஒரு முறை மூன்று நாள் ஆயிற்று.

ஜல்லிக்கு நம் மாவட்டத்தில் பஞ்சமா? நிஜப் பாதையில் 50 மி.மீ. ஜல்லி என்றால் மாதிரியில் அரை மி.மீ.க்குச் சற்று மேல். கிரஷர் தூசியை இரண்டு சல்லடையில் சலித்தால் அதே கல், அதே நிறம். தரைக்குச் செம்மண். புல்லுக்குக் காய வைத்த டீத்தூள். கருவேலங்குச்சி மரமாயிற்று. பனைக்கு விளக்குமாற்று ஈர்க்கும் தேங்காய் நாரும். நமணசமுத்திரம் பக்கம் இளங்குடிப்பட்டி அய்யனார் கோயிலில் வரிசையாக நிற்குமே சுடுமண் குதிரைகள், அவற்றையும் விரல் நகம் அளவில் களிமண்ணில் செய்து ஓர் ஓரத்தில் வைத்தேன். நிஜத்தில் அவை கேட் பக்கத்தில் இல்லை. இதைச் சுருக்கல் பொய் என்று எண்ணாமல், ஆசைப் பொய் என்று எண்ணி மன்னிக்கவும்.

ஆசிரியர் பயிற்சியில் இரண்டு வருஷம் அட்டையிலும் களிமண்ணிலும் துணைக்கருவி செய்த கை இது. வீட்டில் சேர்ந்து கிடந்த கல்யாணப் பத்திரிகைகளின் தடித்த அட்டைதான் பெட்டிகளாக மாறின. மீட்டர் பாதைப் பெட்டி பத்தொன்பதரை மீட்டர், மாதிரியில் 22 செ.மீ.க்குச் சற்று மேல். எஞ்சினில்தான் தோற்றுப்போனேன். ஒய்.பி. என்ற நீராவி எஞ்சின், நாங்கள் கேட் கம்பியில் தொங்கிக்கொண்டு பார்த்தது, அட்டையில் வந்துவிட்டது. ஆனால் சக்கரங்களை இணைக்கும் தண்டுகளை ஓடும்படி செய்ய என் கைக்கு முடியவில்லை. அது ஒரு பக்கத்தில் நிற்கிறது. பின்னால் வந்த ஒய்.டி.எம்.-4 டீசல் எஞ்சினின் உடம்பை டிடி அளவு மோட்டார் மேல் பொருத்தினேன். அதுதான் ஓடுகிறது.

வளைவிலும் ஒரு பாடம் உண்டு. நம் மீட்டர் பாதையில் மிகக் கூர்மையான வளைவின் ஆரமே 109 மீட்டர். மாதிரியில் ஒன்றேகால் மீட்டர். நாலடிப் பலகையில் அரை மீட்டர் ஆரம்தான் போட முடியும். அதனால் இரண்டு ஓர வளைவையும் பின்பக்கத் தடத்தையும் தெர்மாகோல் பாறைக்குப் பின்னால் ஒளித்துவிட்டேன். திருமயம் கோட்டைப் பாறை மாதிரி இருக்கும். பாறைக்குப் பின்னால் நடப்பது விளையாட்டு. பாறைக்கு முன்னால் இருக்கும் நேர்ப்பாதையும் கேட்டும் வீடும் மட்டும் கணக்குப்படி.

வீட்டுக்கு வந்தபோதுதான் நான் எதிர்பார்க்காதது நடந்தது.

கேட் வீட்டுக்கு வரைபடம் என்னிடம் இல்லை. ஒரே ஒரு புகைப்படம் இருக்கிறது. அக்கா கல்யாணத்துக்கு முன்னால் எடுத்தது. அப்பா வாசலில் நிற்கிறார், பின்னால் பாதிக் கதவு. மீதியை ஞாபகத்திலிருந்து போட்டேன். என் ஞாபகத்தில் அது பெரிய வீடு. திண்ணை, கூடம், ஓடி விளையாடின இடம். 15 அடிக்கு 12 அடி என்று கணக்குப் போட்டு அட்டை வெட்டி, ஓட்டுக் கூரை வைத்து, சுண்ணாம்பு நிறம் அடித்து நிறுத்தினேன்.

அம்மாவுக்கு 87 வயது. மாடி ஏற முடியாது. அதனால் வீட்டைத் தட்டில் வைத்துக் கீழே கொண்டுபோய்க் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தார்.

"என்னடா தம்பி இது, பங்களாவா?"

"நம்ம கேட் வீடும்மா."

"இம்புட்டுப் பெருசு ஏதுடா? ரெண்டு பாய் விரிச்சா அப்புறம் கால் வைக்க எடமிருக்காது. தங்கச்சி தொட்டில உத்தரத்துல கட்டி, அதுக்குக் கீழ ஒங்க அப்பா படுப்பாரு. அடுப்பு உள்ள கெடையாது. வெளிய பனவோலைச் சாய்ப்பு எறக்குனோம், அதுலதான் சமையல். வேப்ப மரத்தைக் காணோமே? அது கெழக்கால நின்னுச்சு. மத்தியானம் உள்ள இருக்க முடியாதுன்னு அங்கதான் கட்டிலைப் போடுவோம். நீ கூடம் கூடம்ங்கிறியே, அது அந்த மரத்தடிதான்."

கதவு உயரம் என்ன என்று கேட்டேன். "அப்பா குனிஞ்சுதான் உள்ள வருவாரு. தலப்பாகை தட்டும்."

நான் ஒரு நோட்டை எடுத்து எழுதினேன். பாய் 6 அடிக்கு 3 அடி. இரண்டு பாய் என்றால் 6 அடிக்கு 6 அடி. தண்ணீர்ப் பானைக்கும் பெட்டிக்கும் ஓரமாக இடம். உள்ளே 8 அடிக்கு 8 அடிக்கு மேல் இருக்க வழியில்லை. சுவரோடு சேர்த்து 10 அடிக்கு 10 அடி. அப்பா உயரம் 5 அடி 5 அங்குலம், அவர் குனிய வேண்டுமென்றால் கதவு 5 அடி 3 அங்குலத்துக்கு மிகாது.

10 அடியை 87ஆல் வகுத்தேன். 35 மி.மீ.

மேஜை மேல் ஒரு தீப்பெட்டி கிடந்தது. அளந்தேன். அதன் அகலம் 35 மி.மீ.

அப்பா, அம்மா, அக்கா, தங்கை, நான். ஐந்து பேர். தீப்பெட்டி அகலத்துக்கு ஒரு சதுரம். அதற்குள் நாங்கள் இருந்தோம் என்பது, அறுபது வருஷமாக அந்த வீட்டை நினைத்துக்கொண்டே இருந்த எனக்குத் தெரியவில்லை. அம்மாவுக்குத் தெரிந்திருந்தது. யாரும் அவரிடம் கேட்கவில்லை. நானே கேட்கவில்லை.

பெரிய வீட்டைப் பிரித்துவிட்டு மறுபடி செய்தேன். சின்ன வீடு, தாழ்ந்த கதவு, வெளியே ஓலைச் சாய்ப்பு, கிழக்கே வேப்ப மரம், அதன் கீழ் கயிற்றுக் கட்டில். பலகையில் வைத்ததும் காட்சியே மாறிவிட்டது. பக்கத்தில் ஓடும் ரயில் பெட்டி 22 செ.மீ. நீளம். ஒரே ஒரு பெட்டிக்குள் எங்கள் வீட்டைப் போல ஆறு வீட்டை வரிசையாக வைக்கலாம். இராத்திரி வண்டி போகும்போது வீடு அதிர்ந்து பானைத் தண்ணீர் ஆடும் என்பது ஏன் என்று இப்போது புரிந்தது. வீடு தண்டவாளத்துக்கு அவ்வளவு பக்கம், அவ்வளவு சின்னது.

ரயில்வே வரலாறு என்றால் டல்ஹௌசி, மேயோ, மன்னர், ஆண்டு, மைல் என்று நாம் நடத்துகிறோம். இந்தப் பதிவின் முதல் பாதியும் அப்படித்தான் இருக்கிறது, பாருங்கள். அதெல்லாம் வேண்டும். அந்த ஆண்டுகள் எங்கோ எழுதி வைக்கப்பட்டிருக்கின்றன, தேடினால் கிடைக்கின்றன. பாதை ஒரு மீட்டர் அகலம் என்பதும் எழுதியிருக்கிறது. அந்தப் பாதையைக் காத்தவன் வீடு எத்தனை அடி என்பது, நான் தேடிய எதிலும் கிடைக்காமல், ஒரு கிழவியின் ஞாபகத்தில் இரண்டு பாயாக இருந்தது. அட்டையை வெட்ட அளவு தேவைப்பட்டதால்தான் நான் கேட்டேன். எழுத்தில் என்றால் 'சிறிய வீடு' என்று எழுதிவிட்டுப் போயிருப்பேன். அட்டையில் அப்படிப் போக முடியாது. எத்தனை மி.மீ. என்று கத்தி கேட்கிறது.

கடைசியாக அப்பாவைச் செய்தேன். 165 செ.மீ. மனிதர், மாதிரியில் 19 மி.மீ. செம்புக் கம்பியில் உடம்பு, அதன் மேல் பசையும் காகிதமும். கையில் பச்சைக் கொடி. காக்கிச் சட்டை. தலைப்பாகை எந்தப் பக்கம் முடிச்சு என்று அம்மாவிடம் கேட்டேன். "முடிச்செல்லாம் இல்ல, துண்டைச் சுத்தி உள்ள சொருகிக்குவாரு" என்றார். அப்படியே செய்தேன்.

போன வாரம் மகனும் மருமகளும் வந்தபோது அம்மாவை நாற்காலியோடு தூக்கி மாடிக்குக் கொண்டுபோனோம். ரயிலை ஓடவிட்டேன். பாறைக்குப் பின்னாலிருந்து வந்து கேட்டைத் தாண்டிப் போயிற்று. அம்மா ரயிலைப் பார்க்கவில்லை. சாய்ப்பைக் காட்டி, "ஓலை கொஞ்சம் இன்னும் கீழ எறங்கி இருக்கணும், மழைச் சாரல் அடுப்புல அடிக்கும்" என்றார். மறுநாள் 3 மி.மீ. இறக்கிவிட்டேன்.

நண்பர்களே, ஒரு வேண்டுகோள். உங்கள் ஊரில் இடிக்கப்போகும் பழைய பள்ளிக்கூடம், சத்திரம், கமலைக் கிணறு, ஓட்டு வீடு எதுவாக இருந்தாலும், செல்போனில் படம் எடுப்பதோடு விட்டுவிடாதீர்கள். ஒரு டேப்பை எடுத்து நீளம், அகலம், கதவு உயரம் மூன்றையும் அளந்து ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். படம் எடுத்தால் பக்கத்தில் ஓர் ஆளை நிற்கவைத்து, அவர் உயரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். ஏற்கனவே இடித்திருந்தால், வீட்டில் உள்ள பெரியவர்களிடம் எத்தனை பாய் விரிப்பார்கள் என்று கேளுங்கள்.

திருச்சி – மானாமதுரை மீட்டர் பாதையில் வேலை பார்த்தவர்கள், அவர்கள் பிள்ளைகள் யாராவது இதை வாசித்தால், உங்கள் கேட் வீடு, கேங் குடிசை, ஸ்டேஷன் வீடு எத்தனை அடி என்று எனக்கு எழுதுங்கள். பலகையில் இடமில்லை. ஆனால் நோட்டில் நிறையப் பக்கம் இருக்கிறது.